கடன் பத்திரத்தை எழுதச் சொன்னவர் யார்?

திண்டிவனத்தைச் சேர்ந்த ஒருவர் இருசக்கர வாகனம் வாங்கும் பொருட்டு ஒப்பமிட்ட கடன் உடன்படிக்கையொன்றை அண்மையில் நாம் பார்க்க நேர்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள், யாவும் ஆங்கிலம், கண்ணை வருத்தும் சிற்றெழுத்து. பக்கந்தோறும் அவருடைய ஒப்பம் தமிழில் இடப்பட்டிருந்தது. இறுதிப் பக்கத்தில் மட்டும் நான்கு வரி தமிழ் அச்சாகியிருந்தது. மேற்கண்ட நிபந்தனைகள் யாவும் தமக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டப்பட்டன என்றும், அவற்றை முழுமையாக விளங்கிக்கொண்டதாகவும் கடன் பெற்றவர் அளிக்கும் உறுதிமொழியே அந்த நான்கு வரி.

அந்த நிபந்தனைகள் எவை? தவணை தவறினால் முன்னறிவிப்பின்றி வாகனத்தைக் கைப்பற்றலாம். ஒரு தவணை தவறினாலும் கடன் முழுவதையும் உடனே கோரலாம். வழக்கு எழுமாயின் நிறுவனம் நியமிக்கும் நடுவரே அதனைத் தீர்ப்பார். நடுவரின் அமர்வு சென்னையில் நடைபெறும். கடன் பெற்றவர் இவற்றுள் ஒன்றையும் அறிந்திருக்கவில்லை. மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்னும் இரண்டு மட்டுமே அவருக்குத் தெரியும்.

ஒப்பம் இருக்கிறது, ஆகவே ஒப்புதல் இருக்கிறது என்று நீதிமன்றம் கொள்ள வேண்டுமா? அல்லது பத்திரத்தின் பின்னால் சென்று, அது எவ்வாறு எழுதப்பட்டது, யாருடைய சொல் அதில் நிற்கிறது என்று ஆராய வேண்டுமா? இவ்வினா இன்று தோன்றியதன்று. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களை உள்ளடக்கிய பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் கடன் வரலாறே இவ்வினாவுக்கு நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் அளித்துவந்த விடைகளின் வரலாறுதான். அவ்வரலாற்றின் முக்கியக் கட்டங்களைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு பழைய முன்மாதிரிகள்

வட்டி ஆகுமா ஆகாதா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அது குறித்த ஷரீஆவின் நிலைப்பாடு வாசகர்கள் அறிந்ததே. நாம் எடுத்துக்கொண்டது அதனினும் குறுகிய வினா: கடன் உடன்படிக்கையின் வாசகம் யாருடையது? அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியதாகும். தவணைக் கடனை எழுதுமாறு பணிக்கும் அவ்வசனம், எழுதப்பட வேண்டிய வாசகத்தைச் சொல்லும் பொறுப்பைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைக்கவில்லை, கடன்பட்டவரிடமே ஒப்படைக்கிறது. அவர் அறிவிலோ வலுவிலோ குறைந்தவராயின், அல்லது சொல்ல இயலாதவராயின், அவருடைய பொறுப்பாளர் நேர்மையோடு சொல்ல வேண்டும். எழுதுபவர் இரு தரப்புக்கும் நடுவில் நிற்க வேண்டும். வலுவற்றவரின் வாயிலிருந்து வந்த சொல்லே அவரைக் கட்டுப்படுத்தும் என்பது இதன் உட்பொருள். இன்றைய அச்சுப் படிவம் இம்முறையின் நேர்த் தலைகீழ் வடிவம் எனலாம்.

இரண்டாவது முன்மாதிரி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ள பரீரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. அடிமைப் பெண்ணாக இருந்த அவர், ஆண்டுக்கு ஓர் ஊக்கியா வீதம் ஒன்பது ஆண்டுகளில் செலுத்தித் தம் விடுதலையைப் பெறுவதாக உடைமையாளர்களோடு உடன்படிக்கை செய்திருந்தார். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு தவணை உடன்படிக்கை. தொகை முழுவதையும் ஒரே முறையில் செலுத்தி அவரை விடுவிக்க ஆயிஷா (ரலி) அவர்கள் முன்வந்தபோது, உடைமையாளர்கள் ஒரு நிபந்தனை விதித்தனர்: விடுதலைக்குப் பின் எழும் ‘வலா’ என்னும் வாரிசுப் பிணைப்புரிமை தங்களுக்கே இருக்க வேண்டும் என்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலைகொடுத்து விடுவிக்குமாறு ஆயிஷா (ரலி) அவர்களைப் பணித்தார்கள். பின்னர் மக்கள் முன் நின்று, இறைச்சட்டத்திற்கு மாறான நிபந்தனை நூறு முறை விதிக்கப்பட்டாலும் செல்லாது என்று அறிவித்தார்கள்.

இங்கு ஒரு நுட்பம் கவனத்திற்குரியது. உடன்படிக்கை முறியவில்லை, விற்பனை நின்றது, விடுதலையும் நிறைவேறியது. அநீதியான நிபந்தனை மட்டும் வீழ்ந்தது. நிபந்தனைகளின் எல்லை குறித்துப் பிற்கால ஃபுகஹாக்கள் வேறுபட்டனர். ஹனஃபீ அறிஞர்கள் அவ்வெல்லையைக் குறுக்கினர். ஹன்பலீ மரபைச் சார்ந்த இப்னு தைமிய்யா (மறைவு 1328) அதனை விரித்தார். எனினும், இரு தரப்பும் ஒப்பினர் என்பதனாலேயே நிபந்தனை ஆய்வுக்கு அப்பாற்பட்டதாகிவிடும் என்று இவர்களுள் எவரும் கொள்ளவில்லை.

வரம்பும் வரம்பின்மையும்

இனித் தென்னாற்காட்டுக்கு வருவோம். கம்பெனி ஆட்சியின் தொடக்கத்தில், 1802ஆம் ஆண்டின் 34ஆம் சென்னை ஒழுங்குவிதி நீதிமன்றங்கள் வழங்கத்தக்க வட்டிக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு என்று வரம்பு கட்டியது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்று நம் மக்கள் கூறும் கணக்கு அது. பத்திரத்தில் எது எழுதப்பட்டிருப்பினும் நீதிமன்றம் இவ்வரம்பைத் தாண்டாது.

இங்கிலாந்து 1854இல் தன் வட்டிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை நீக்கியது. மறு ஆண்டே இந்தியாவிலும் அவை நீக்கப்பட்டன. 1855ஆம் ஆண்டின் 28ஆம் சட்டத்தின்படி, இரு தரப்பும் ஒப்பிய வட்டி எதுவோ அதுவே தீர்ப்பாக வேண்டும். வட்டி அசலுக்கு மேல் ஏறலாகாது என்னும் ‘தாம்துபட்’ என்ற பழைய இந்துச் சட்ட விதி பம்பாய் மாகாணத்தில் நிலைத்திருந்தது. சென்னை மாகாணத்து உள்நாட்டு நீதிமன்றங்களோ அதனையும் ஏற்கவில்லை. ஆக, வரம்பும் போயிற்று. வரம்பின் நிழலும் போயிற்று.

நில அடமானத்திலும் இதே போக்கு நிலவியது. குறித்த நாளுக்குள் பணம் திரும்பாவிடில் அடமானமே கிரயமாகிவிடும் என்னும் நிபந்தனைக் கிரயம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. வடநாட்டில் இதனைப் ‘பைஉல் வஃபா’ என வழங்கினர். 1858 முதல் சென்னை நீதிமன்றங்கள் இப்பத்திரங்களின் எழுத்தை அப்படியே நிறைவேற்றாமல், தவணை கடந்த பின்னும் கடனைச் செலுத்தி நிலத்தை மீட்கும் உரிமையை வழங்கலாயின. 1870இல் பட்டாபிராமய்யர் வழக்கிலும், 1875இல் தம்புசாமி முதலியாருக்கும் ஓசேன் ராவுத்தருக்கும் இடையிலான வழக்கிலும் இலண்டன் பிரிவி கவுன்சில் இப்போக்கைக் கண்டித்தது. இந்நாட்டுப் பழஞ்சட்டப்படி பத்திரத்தின் வாசகமே செல்லும் என்பது அதன் கருத்து. ஆயினும் 1858க்குப் பின் மக்கள் அத்தீர்ப்புகளை நம்பியே நடந்துகொண்டிருக்கக்கூடும் என்பதால், அதற்குப் பிந்திய பத்திரங்களில் அம்முறையைக் குலைக்க அது தயங்கியது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அடமானத்தை மீட்கும் உரிமையை எல்லோருக்கும் உறுதிசெய்த பின்னரே இக்குழப்பம் நீங்கியது.

இதே காலத்தில்தான் தென்னாற்காட்டின் வேளாண்மை சந்தையோடு பிணைந்தது. மணிலாக் கொட்டை என்று மக்கள் வழங்கிய நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகருக்கு ஏற்றுமதியாயிற்று. விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இணைக்கும் இருப்புப் பாதை 1879இல் திறக்கப்பட்டது. விதைக்கும் உழவுக்கும் முன்பணம் தந்து, அறுவடையில் சரக்காகப் பெற்றுக்கொள்ளும் வணிகம் வளர்ந்தது. விலை ஏறும் ஆண்டில் கடன் சுமையாகத் தோன்றவில்லை. மழை பொய்த்த ஆண்டிலோ பத்திரம் நீதிமன்றம் சென்றது. நீதிமன்றத்தின் கையில் அப்போது இருந்தது ஒப்பமும் எழுத்தும் மட்டுமே.

இருவேல்பட்டுப் படியாள்கள்

பத்திரம் ஏறாத கடனும் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு சில தென்னிந்தியக் கிராமங்களை ஆய்வு செய்தார். அவற்றுள் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இருவேல்பட்டு. ஆய்வின் முடிவுகள் 1918இல் நூலாயின. 1936-37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அவ்வூரை மீண்டும் ஆராய்ந்தனர். அதன் பின்னரும் பொருளியலறிஞர்கள் பலமுறை அவ்வூருக்குத் திரும்பினர். ஒரு நூற்றாண்டுக் கால மாற்றத்தை இவ்வளவு தொடர்ச்சியாகப் பதிவுசெய்த இந்தியக் கிராமங்கள் மிகச் சில.

முதல் ஆய்வில் காணப்படும் படியாள்கள் நமது வினாவுக்கு இன்றியமையாதவர்கள். பெரும்பாலும் திருமணச் செலவுக்காக நிலவுடைமையாளரிடம் கடன் பெற்று, அக்கடன் தீரும்வரை அவரிடமே உழைப்பதாக ஏற்றுக்கொண்டவர்கள் இவர்கள். கூலி படிக்கணக்கில் தானியமாக அளக்கப்பட்டது. கடன் தீர வழியில்லாத நிலையில் உழைப்பும் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. இவ்வுடன்படிக்கையை எந்த முன்சீப்பும் ஆராய்ந்ததில்லை, ஏனெனில் அது நீதிமன்றத்துக்கு வரவேண்டிய தேவையே எழவில்லை. நீதிமன்றத்தை எட்டாத உடன்படிக்கையே மிகக் கடுமையானது என்னும் பாடத்தை நாம் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் இறுதியில் அது மீண்டும் தேவைப்படும்.

பத்திரத்தின் பின்னால்

எழுத்தின் ஆட்சி நெடுங்காலம் தடையின்றி நீடிக்கவில்லை. முதல் விரிசல் முஸ்லிம் பெண்ணொருவரின் வழக்கில் தோன்றியது. முன்ஷி பஸ்லுர் ரஹீமுக்கும் அவர் மனைவி ஷம்சுன்னிசா பேகத்துக்கும் இடையிலான வழக்கில் 1867இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. தம் கடன் பத்திரங்களைக் கணவர் பெயருக்கு மாற்றி மனைவி இட்ட ஒப்பம் மட்டும் போதாது. பர்தாவில் வாழும் பெண்ணோடு அவ்வேற்பாட்டைச் செய்தவரே அது நேர்மையானது என்று மெய்ப்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இத்தகைய பெண்களின் பத்திரங்களில், பொருளை அவர் விளங்கிக்கொண்டே ஒப்பமிட்டார் என்று காட்டும் சுமை பயனடைந்தவரையே சாரும் என்னும் நெறி இதன்வழி நிலைபெற்றது. முதியோர், எழுத்தறிவற்றோர் முதலியோருக்கும் இந்நெறி பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2003இல் கிருஷ்ண மோகன் குல் வழக்கில் உரைத்தது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தகாச் செல்வாக்கு, தண்டத் தொகை ஆகிய இரண்டையும் நீதிமன்றத்தின் பார்வைக்குள் கொண்டுவந்தது. 1899இல் செய்யப்பட்ட திருத்தம், தவணை தவறிய நாள் முதல் வட்டியை உயர்த்தும் நிபந்தனையும் தண்டமாகலாம் என்று விளக்கியது. ஆனால் இப்பாதுகாப்பின் எல்லை 1923இல் ரகுநாத் பிரசாத் வழக்கில் வெளிப்பட்டது. 24 விழுக்காடு கூட்டுவட்டிக்குப் பெற்ற பத்தாயிரம் ரூபாய், பதினொரு ஆண்டுகளில் ஏறத்தாழப் பதினொரு மடங்காகியிருந்தது. கடன் கொடுத்தவர் மற்றவரின் மனத்தை ஆளும் நிலையில் இருந்தார் என்று முதலில் காட்டவேண்டும். வட்டியின் கடுமை மட்டும் போதாது என்று பிரிவி கவுன்சில் கூறிவிட்டது. வறுமையே ஒருவரை ஆளும் நிலைக்கு உள்ளாக்கும் என்பது அம்மன்றத்தின் கருத்தில் ஏறவில்லை.

இக்குறையை நீக்க வந்தது 1918ஆம் ஆண்டின் கடுவட்டிக் கடன் சட்டம். வட்டி மிகையாகவும் நடவடிக்கை சாராம்சத்தில் அநீதியாகவும் இருப்பின், நீதிமன்றம் கணக்கைத் திறந்து, பழைய தீர்வைகளையும் புரட்டிப் பார்த்து, மிகையைக் கழிக்கலாம் என்றது. பிரதிவாதி நீதிமன்றத்துக்கு வராத ஒருதலை வழக்குகளிலும் இவ்வதிகாரம் உண்டு என்று அச்சட்டம் வெளிப்படையாகக் கூறியது. கடன்பட்ட ஏழை வாய்தாவுக்கு வாராதிருப்பதே இயல்பு என்பதைச் சட்டம் முதன்முறையாக ஒப்புக்கொண்டது இங்கேதான். 1936ஆம் ஆண்டின் சென்னைத் திருத்தச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. நீதிமன்றம் தலையிடலாம் என்பதை மாற்றித் தலையிட வேண்டும் என்றது. வட்டி மிகையாயின் நடவடிக்கையும் அநீதியானது என்றே கொள்ள வேண்டும் என்றது. உழவருக்குக் கொடுத்த கடனில் கூட்டுவட்டி இருந்தாலே அது மிகை என்று அனுமானிக்கப் பணித்தது. மெய்ப்பிக்கும் சுமை கடன்பட்டவரின் தோளிலிருந்து கொடுத்தவரின் தோளுக்கு மாறிற்று.

உலகப் பொருளாதார வீழ்ச்சியால் விளைபொருள் விலை சரிந்த பின்னணியில், இராஜாஜி அமைச்சரவை 1938இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1ஆம் நாளுக்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1ஆம் நாளன்று நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. அசலின் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. சென்னை மாகாணம் புறந்தள்ளிய தாம்துபட் விதியின் உயிர், இவ்வாறு வேறோர் உடலில் திரும்பியது எனலாம். கடன் கொடுத்தோர் இச்சட்டத்தை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றம் வரை சென்றனர். சர் மாரிஸ் க்வையர், சர் ஷா முஹம்மது சுலைமான், வரதாச்சாரியார் ஆகியோர் அடங்கிய அமர்வு சுப்பிரமணியன் செட்டியார் வழக்கை விசாரித்தது; பெரும்பான்மைத் தீர்ப்பு சட்டத்தைக் காத்தது. ஃபஸ்லுல் ஹக் அமைச்சரவைக் காலத்து வங்காள வட்டிக்கடையினர் சட்டம் 1940ஐயும் பிரிவி கவுன்சில் 1947இல் நிலைநிறுத்தியது.

1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த உழவர் ஓ. பி. ராமசாமி ரெட்டியார். அவருடைய ஆட்சிக் காலத்தில்தான் இச்சட்டத்தின்கீழ் உழவர் கடனுக்கான வட்டி ஆறேகால் விழுக்காட்டிலிருந்து ஐந்தரை விழுக்காடாகக் குறைக்கப்பட்டது; 1948இல் ஒரு திருத்தச் சட்டமும் நிறைவேறியது.

இச்சட்டத்தின் குறையையும் மறைக்கலாகாது. நிலத்தில் விற்கத்தக்க உரிமை, அல்லது அதனையொத்த உரிமை உடையவரே அதன்படி விவசாயி. இருவேல்பட்டுப் படியாளுக்கு நிலமில்லை. ஆகவே நிவாரணமும் இல்லை. அவருடைய கடன் சட்டப்படி அழிந்தது 1975இன் அவசரச் சட்டத்தாலும் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தாலும்தான். நிலமுள்ளவரின் விடுதலைக்கும் நிலமற்றவரின் விடுதலைக்கும் இடையே சட்டப் புத்தகத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடைவெளி இருந்தது.

கடன் கொடுப்பவர் மாறினார்

மேற்கண்ட சட்டங்கள் யாவும் ஊர் வட்டிக்கடைக்காரரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அவருடைய இடத்தில் வங்கியும் நிதி நிறுவனமும் வந்தபோது, சட்டத்தின் கை சுருங்கிற்று. 1984இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21அ பிரிவு சேர்க்கப்பட்டது. வங்கி விதித்த வட்டி மிகையானது என்னும் காரணத்தால் எந்த நீதிமன்றமும் அக்கணக்கைத் திறக்கலாகாது என்பதே அப்பிரிவு. வங்கிகளை ரிசர்வ் வங்கி கண்காணிக்கிறது, ஆதலால் நீதிமன்றம் தேவையில்லை என்பது இதன் அடிப்படை. 1855இல் ஒருமுறை மூடிய கதவு, இம்முறை ஒரு சாராருக்கு மட்டும் மீண்டும் மூடப்பட்டது.

எனினும் நீதிமன்றங்கள் முற்றிலும் ஒதுங்கிவிடவில்லை. 2001இல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தண்ட வட்டியை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி கணக்கிடுவது பொதுநலனுக்கு முரண் என்றது. ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கை இதே பாதையில் சென்று, தண்டத்தை வட்டியாக அன்றித் தனிக் கட்டணமாகவே விதிக்க வேண்டும், அதன்மீது மேலும் வட்டி ஏறலாகாது என்று பணித்தது. அடியாட்களைக் கொண்டு வாகனங்களைப் பறிப்பதை 2007இல் பிரகாஷ் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிந்து, சட்டவழியே மீட்பு நடைபெற வேண்டும் என்றது.

எதிர்த்திசைத் தீர்ப்புகளும் உண்டு. வாகனக் கடனில், தவணை முடியும்வரை நிதியாளரே உரிமையாளர். உடன்படிக்கை இடமளித்தால் அவர் வாகனத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று 2020இல் மக்மா ஃபின்கார்ப் வழக்கு கூறியது. இத்தகைய தவணைக் கொள்முதலை ஒழுங்குபடுத்த 1972இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் நடைமுறைக்கே வராமல் 2005இல் நீக்கப்பட்டது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டிலுள்ள நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டிக்கடைச் சட்டங்கள் பொருந்தா என்று 2022இல் நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் தீர்ப்பாயிற்று. கடன் அட்டைக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி பெறுவது நியாயமற்ற வணிகமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அளித்த தீர்ப்பை, 2024 டிசம்பர் 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நீக்கியது. வங்கிக்கும் அட்டைதாரருக்கும் இடையிலான ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தமிழகத்தில் 2003இல் இயற்றப்பட்ட மிகைவட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைக் குற்றமாக்கியது. தேவையான சட்டமே அது. ஆயினும் அதன் குறி தெருவோரத் தண்டல்காரர். அச்சிட்ட படிவத்தோடு வருபவரை அது எளிதில் எட்டுவதில்லை.

மார்ட்டோரெலில் ஒரு வழக்கு

இதே வினா அயல்நாட்டில் எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதற்கு ஒரு சான்று காண்போம். பார்சிலோனாவை அடுத்த மார்ட்டோரெல் ஊரில் வாழ்ந்த மொராக்கோ நாட்டவர் முஹம்மது அஸீஸ், 2007இல் வீட்டை ஈடுவைத்து 1,38,000 யூரோ கடன் பெற்றார். தவணை தவறினால் 18.75 விழுக்காடு வட்டி. தவறியவுடன் கடன் முழுவதையும் கோரலாம். நிலுவைத் தொகையை வங்கியே கணக்கிட்டு உறுதிசெய்யலாம். 2008இல் அவர் தவணை செலுத்த இயலாதவரானார்; 2011 ஜனவரியில் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். நிபந்தனைகள் அநீதியானவை என்று தனி வழக்குத் தொடரலாம். ஆனால் அவ்வழக்கு வெளியேற்றத்தை நிறுத்தாது என்பது அன்றைய ஸ்பானியச் சட்டம்.

2013 மார்ச் 14ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் இம்முறை நுகர்வோர் ஒப்பந்தங்கள் பற்றிய 1993ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. வீடு கைவிட்டுப் போன பிறகு கிடைக்கும் இழப்பீடு பாதுகாப்பாகாது. நிபந்தனையின் நியாயத்தை ஆராயும் நீதிபதிக்கு நடவடிக்கையை நிறுத்திவைக்கும் அதிகாரமும் வேண்டும் என்றது. நுகர்வோர் வாதிடாவிடினும் நீதிபதி தாமாகவே அநீதியான நிபந்தனையை ஆராய வேண்டும் என்பது அந்நீதிமன்றம் 2000 முதலே வளர்த்துவந்த கொள்கை. 2013 மே மாதத்தில் ஸ்பெயின் தன் சட்டத்தைத் திருத்தியது. பிரதிவாதி வாராதபோதும் கணக்கைத் திறக்கலாம் என்று 1918இலேயே இந்தியச் சட்டம் கூறியதோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் அயலாரிடம் கடன்பெற வேண்டிய கருத்து ஏதுமில்லை, நம்முடையதை நினைவுகூர்ந்தாலே போதும் என்பது புலனாகும்.

விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு

கடன் உடன்படிக்கைகளில் அநீதி குடிகொள்ளும் இடம் இந்த இரு நூற்றாண்டுகளில் மாறியுள்ளது. முன்னர் அது வட்டியில் இருந்தது. இன்று பெரும்பாலும் வழியில் இருக்கிறது. தாம் நியமிக்கும் நடுவர், தொலைநகரில் அமர்வு, அறிவிப்பின்றிக் கைப்பற்றல் ஆகிய நிபந்தனைகளின் நோக்கம் ஒன்றே: பத்திரம் நீதிபதியின் கண்ணில் படாதிருக்கச் செய்வது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தால்தான் பயன்படும். வழக்கே வாராவிடில் அது என்ன செய்யும்? இருவேல்பட்டுப் படியாளின் உடன்படிக்கை நீதிமன்றத்தை எட்டாததுபோலவே, இன்றைய உடன்படிக்கையும் எட்டாதவாறு வரையப்படுகிறது.

இதனை நீதிமன்றங்கள் உணராமலில்லை. நடுவர் ஏற்பாடு நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று 2018இல் எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வழக்கின் முடிவில் நலன் உடைய ஒருவர் தனி நடுவரைத் தாமே நியமிக்க இயலாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கு கூறியது. அதே ஆண்டில் பயனியர் அர்பன் வழக்கில், ஒருதலையான நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் திணிப்பதே நியாயமற்ற வணிகமுறை என்று தீர்ப்பாயிற்று.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்பதற்கு முதன்முறையாக இலக்கணம் வகுத்தது. அளவுக்கு மீறிய பிணைத்தொகை, இழப்புக்குப் பொருந்தாத தண்டம், உரிய கட்டணத்தோடு கடனை முன்கூட்டி அடைக்க வந்தவரை மறுத்தல், காரணமின்றி ஒருதலையாக முறித்தல், நுகர்வோருக்குக் கேடாக ஒப்பந்தத்தைப் பிறருக்கு மாற்றுதல், நுகர்வோரைப் பாதகத்துக்குள்ளாக்கும் நியாயமற்ற சுமை ஆகிய ஆறும் அதில் இடம்பெற்றுள்ளன. அத்தகைய நிபந்தனையைச் செல்லாததென அறிவிக்கலாம்; உடன்படிக்கை முழுவதும் வீழ வேண்டியதில்லை. பரீரா (ரலி) நிகழ்ச்சியில் நாம் கண்ட தீர்வு முறையே இது.

ஆனால் அவ்வதிகாரம் யாருக்கு? மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டுமே. விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. சேவைக் குறைபாட்டையும் நியாயமற்ற வணிகமுறையையும் அது விசாரிக்கலாம். ஐம்பது இலட்ச ரூபாய் வரையிலான வழக்குகளைத் தீர்க்கலாம். ஆயினும் ஓர் இருசக்கர வாகனக் கடனின் நிபந்தனையைச் செல்லாததென அறிவிக்க அதற்கு அதிகாரம் இல்லை. அதற்குத் திண்டிவனத்துக்காரர் சென்னைக்குச் செல்ல வேண்டும். அவருடைய உடன்படிக்கையிலுள்ள அநீதியான நிபந்தனை அவரை எந்த ஊருக்கு அனுப்பியதோ, நிவாரணம் தேடும் சட்டமும் அவரை அதே ஊருக்கே அனுப்புகிறது. கடன் தொகை சிறிதாகுந்தோறும் இப்பயணம் பெரிதாகிறது. மாவட்ட ஆணையங்களுக்கும் இவ்வதிகாரத்தை வழங்கும் சிறு திருத்தம் ஒன்று, புதிய சட்டங்கள் பலவற்றினும் மிகுந்த பயன் தரும் என்பது நமது கருத்து.

அத்திருத்தம் வரும்வரை செய்யத்தக்கது ஒன்றுமில்லையா? உண்டு. பத்திரத்தின் பொருளை விளங்கவைத்ததாக மெய்ப்பிக்கும் சுமை பயனடைந்தவரையே சாரும் என்னும் 1867ஆம் ஆண்டு நெறி இன்றும் உயிரோடிருக்கிறது. கடன் பெறுவோர் விளங்கிக்கொள்ளும் மொழியில் நிபந்தனைகளைத் தெரிவிக்குமாறு ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகளும் நிதி நிறுவனங்களைப் பணிக்கின்றன. முப்பது பக்க ஆங்கிலத்தின் முன் நிற்கும் தமிழருக்கு, தாம் எழுத்தறிந்தவர் என்பதால் கிடைக்கும் பயன் யாது? அந்த நெறியை அவருக்கும் விரிப்பதில் தடையேதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

ஆகவே, திண்டிவனம் நீதிமன்றத்திலோ விழுப்புரம் ஆணையத்திலோ இத்தகைய பத்திரம் முன்வைக்கப்படும்போது, இறுதிப் பக்கத்து நான்கு வரித் தமிழைச் சான்றாகக் கொள்வதற்கு முன் நீதிபதி நிறுவனத்தை நோக்கிச் சில கேள்விகளைக் கேட்கலாம். இதனைப் படித்துக் காட்டியவர் யார்? எந்த நாளில், எவ்விடத்தில் படித்தார்? எவ்வளவு நேரம் படித்தார்? முப்பது பக்கத்தை வாகன விற்பனைக் கூடத்தில் நின்றவாறே ஒருவர் மற்றொருவருக்குத் தமிழில் எடுத்துரைத்தார் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்தின்மீது வைக்கப்படுமாயின், அடுத்த ஆண்டுப் படிவம் தமிழில், சில பக்கங்களுக்குள் அச்சாகி வரும்.